அதிகம் ஓடிய மாஸ்டா எம்எக்ஸ்-5இல் டர்போ போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளைப் பற்றியது: 1989 முதல் 1997 வரை வந்த என்ஏ, 1998 முதல் 2005 வரை வந்த என்பி. அமெரிக்காவில் இதை மியாட்டா என்பார்கள். வேறு எண் சொல்லாத இடங்களிலெல்லாம் பேச்சு 1.8 லிட்டர் பிபி எஞ்சினைப் பற்றியே. சந்தையில் கிடைக்கும் கார்களில் பெரும்பாலானவை 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவை. அதனால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

2 லட்சம் ஓடிய எஞ்சின் பூஸ்ட்டைத் தாங்குமா?

நல்ல நிலையில் இருந்தால் பூஸ்ட்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தத்தை, அது தாங்கும். ஓடோமீட்டர் இதில் பாதிக் கதையைக்கூடச் சொல்வதில்லை. வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட இந்த எஞ்சின் குடும்பத்துக்கு டர்போ புதிதல்ல. மாஸ்டாவே 323, ஃபமிலியா கார்களில் இதே குடும்பத்தின் டர்போ வடிவங்களை விற்றது. எம்எக்ஸ்-5க்கு வந்த வடிவத்தில் பலவீனமான இடம், பிஸ்டனையும் கிராங்க்ஷாஃப்ட்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட். அது புது எஞ்சினிலும் அதே ராட்தான், பழசிலும் அதே ராட்தான்.

வயதோடு தேய்வது பிஸ்டன் ரிங், வால்வு சீல், பேரிங், ரப்பர் குழாய்கள், ரேடியேட்டர். இவற்றில் எதையும் பூஸ்ட் மன்னிக்காது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றி 2.5 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார், கவனிப்பே இல்லாமல் 1.2 லட்சம் ஓடிய காரைவிட நல்ல அடித்தளம்.

வாங்குவதற்கு முன், அல்லது டர்போ கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், என்ன சோதிக்க வேண்டும்?

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது பிளக் துளையில் மீட்டரை மாட்டி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள், இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டியுங்கள், பேட்டரியில் சார்ஜரை மாட்டி வையுங்கள். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற, முள் ஏறி நிற்கும்வரை, அதாவது ஆறு முதல் எட்டு அழுத்தங்கள்வரை பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மறந்துவிட்டு "எல்லா சிலிண்டரும் 120தான் காட்டுது" என்று பதறுவது அடிக்கடி நடக்கிறது. த்ராட்டில் மூடியிருந்தால் உள்ளே காற்றே போகாது.

நல்ல 1.8இல் 170 முதல் 190 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) எதிர்பார்க்கலாம். 2001இலிருந்து வந்த, வால்வு நேரத்தை மாற்றும் விவிடி எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 10.0, 1999–2000இல் 9.5; 1994–97இல் 9.0. எனவே பழைய 1.8 கொஞ்சம் குறைவாகக் காட்டினால் அது குறை அல்ல. மலைப்பகுதி ஊர்களிலும் எண் இறங்கும். ஒவ்வொரு எண்ணையும்விட நான்குக்கும் உள்ள வித்தியாசமே பேசும். 168, 165, 170, 162 என்றால் வேலையைத் தொடங்கலாம். 178, 175, 140, 176 என்றால் கிட்டை மறந்துவிட்டு மூன்றாவது சிலிண்டரைப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிறுத்திக்கொள்வதே எங்கள் வழக்கம்.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சோதியுங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். என்பியில் வால்வு இடைவெளி தானாகச் சரியாகாது, ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.18–0.24 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.28–0.34 மி.மீ. இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி சுருங்கிப்போன எஞ்சினில் வால்வு முழுதாக மூடாது. அதை ரிங் போய்விட்டது என்று தவறாக எண்ணி எஞ்சினையே பிரித்துவிடுகிறார்கள்.

அடுத்தது லீக்-டவுன். பிஸ்டனை மேல் முனையில் நிறுத்தி 100 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தினால் எத்தனை சதவீதம் ஒழுகுகிறது என்று தெரியும். 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நல்லது, 20ஐத் தாண்டினால் வேண்டாம். காற்று எங்கே சீறுகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். த்ராட்டில் பாடியில் சத்தம் வந்தால் இன்டேக் வால்வு, சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட்.

மூன்றாவது, ஆயில் அழுத்தம். டேஷ்போர்டில் உள்ள மீட்டரை நம்ப வேண்டாம். 1995இலிருந்து அது வெறும் சுவிட்ச்தான். கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே முள் நடுவில் போய் நின்றுவிடும். உண்மையான மீட்டரை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ வருகிறதா என்று பாருங்கள். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பார்ப்பதும் இலவசச் சோதனைதான். செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங் போகத் தொடங்கிவிட்டது.

காரின் வருடம் முக்கியமா?

மிகவும். 1990, 1991 தொடக்கத்தில் வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனை குட்டை. புல்லியைப் பிடிக்கும் சாவியும் அதன் பள்ளமும் தளர்ந்து, டைமிங் ஆட்டம் கண்டு, கடைசியில் கிராங்கே வீணாகும். கிராங்க் புல்லியில் 4 துளைகள் இருந்தால் குட்டை மூக்கு, 8 இருந்தால் நீளம். குட்டை மூக்கு எஞ்சினில் டர்போவுக்குச் செலவு செய்வதைவிட ஒரு 1.8 எஞ்சினை வாங்கி இறக்குவது மேல்.

1.6 கார்களின் பின் டிஃபரன்ஷியலும் சிறியது, 6 அங்குலம். பூஸ்ட் ஏறியதும் அது உடைவது வழக்கம். 1994இலிருந்து வந்த 7 அங்குல டிஃபரன்ஷியலை, பக்க ஷாஃப்ட்டுகளோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.

1999–2000 எஞ்சின்களில் சிலவற்றுக்கு வேறொரு நோய்: கிராங்க்ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்வது. டயல் காட்டியைப் புல்லியில் வைத்து, ஒருவர் கிளட்சை மிதிக்க, கிராங்க் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். 0.3 மி.மீ.யைத் தாண்டினால் அந்த எஞ்சின் வேண்டாம். டர்போவுக்காகப் போடும் கனமான கிளட்ச் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அதே பேரிங்கைத்தான் தள்ளுகிறது. முன்பே தேய்ந்திருந்தால் சீக்கிரமே முடிந்துவிடும்.

டர்போவா, சூப்பர்சார்ஜரா?

பழைய எஞ்சினுக்கு இந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும்: டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை, எந்த ஆர்பிஎம்மில் வருகிறது?

ஈட்டன் எம்45, எம்62 போன்ற ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் ஓடுவது. மிதித்த நொடியில் பூஸ்ட் வரும், நகரத்தில் ஓட்ட இதமாக இருக்கும். ஆனால் காற்றை அதிகம் சூடாக்கும். பெல்ட் வழுக்குவது அதன் தீராத தலைவலி.

ராட்ரெக்ஸ் போன்ற சென்ட்ரிஃப்யூகல் சூப்பர்சார்ஜரில் பூஸ்ட், ஆர்பிஎம்மோடு சேர்ந்து மெதுவாக ஏறி உச்சியில்தான் முழு அளவை எட்டும். 3,000இல் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. இதைக் குறை என்று பலர் ஒதுக்குகிறார்கள். பழைய ராட்டுக்கும் ஐந்து கியர் பெட்டிக்கும் இதைவிட நல்லது வேறில்லை. எஞ்சினைத் திறக்கவே கூடாது, பல வருடம் ஓட வேண்டும் என்றால் எங்கள் வாக்கு இதற்கே.

எக்ஸாஸ்ட் வாயுவில் சுழலும் டர்போ மலிவு, பாகங்கள் எளிதில் கிடைக்கும், பூஸ்ட்டை மென்பொருளில் மாற்றலாம். காரெட் ஜிடி2554ஆர், ஜிடி2560ஆர் அளவுகள் இந்த எஞ்சினுக்குப் பொருத்தம். 2554 சீக்கிரம் சுழல் எடுக்கும். 2560 சற்றுத் தாமதித்து வந்து மேலே அதிகம் மூச்சுவிடும். பழைய ராட் என்றால், சொல்லப்போனால், அந்தத் தாமதம் நன்மை.

எத்தனை பிஎஸ்ஐ வரை போகலாம்?

6 முதல் 8. ஆனால் பிஎஸ்ஐ என்பது இன்டேக்கில் உள்ள அழுத்தம் மட்டுமே. சின்ன டர்போவின் 8ம் பெரிய டர்போவின் 8ம் ஒரே அளவு காற்றல்ல. கணக்கு வைக்க வேண்டியது சக்கரத்தில் அளந்த டார்க்கை. 270 நியூட்டன்-மீட்டர் அருகே வந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் போகிறவர்கள் பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு வெளியே வந்த ராட்டைப் படம் எடுத்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

காரணம் இது. சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சமாக இருப்பது டார்க் உச்சமாக இருக்கும் இடத்தில். குறைந்த ஆர்பிஎம்மில் அந்த அழுத்தம் முழுவதும் ராட்டை அமுக்கி வளைக்கப் பார்க்கிறது. அதிக ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சொந்த வேகமே ராட்டை மேலே இழுப்பதால் அமுக்கம் ஓரளவு ஈடாகிவிடும். 270 நியூட்டன்-மீட்டர் 3,500 ஆர்பிஎம்மில் வந்தால் கிடைப்பது 133 குதிரைத்திறன்; அதே 270 ஐ 6,500இல் கொண்டுவந்தால் 246. ராட்டுக்கு முதலாவதுதான் அதிகச் சிரமம், உங்களுக்கோ இரண்டாவதில்தான் அதிக வேகம். ஆகவே 4,000க்குக் கீழே பூஸ்ட்டைக் குறைத்து வைத்து மேலே விடுங்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் கியருக்கு ஏற்ப மாற்றும் வசதி இருந்தால் நான்காம், ஐந்தாம் கியர்களில் இன்னும் குறையுங்கள்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால்: 2004–05இல் மாஸ்டாவே விற்ற மாஸ்டாஸ்பீட் எம்எக்ஸ்-5க்கு ஐஹெச்ஐ டர்போவும் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் 9.5 கம்ப்ரஷனும் ஆறு கியரும் கொடுத்து, 178 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டார்கள். தொழிற்சாலை புது எஞ்சினுக்கே வைத்த எல்லை அது.

இன்டர்கூலர் இல்லாமல் 6 பிஎஸ்ஐ ஓட்டலாம் என்கிறார்களே?

ஓட்டுகிறார்கள். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெளியே 30 டிகிரி; 8 பிஎஸ்ஐ பூஸ்ட்; 70 சதவீதத் திறனுள்ள டர்போ. வெளிவரும் காற்று சுமார் 86 டிகிரி. 55 சதவீதத் திறனுள்ள ரூட்ஸ் என்றால் 100ஐத் தாண்டும். இடையில் 75 சதவீத வேலை செய்யும் இன்டர்கூலர் இருந்தால் டர்போ காற்று 44 டிகிரியில் எஞ்சினுக்குள் போகும். 86க்கும் 44க்கும் நடுவில் இருக்கிறது நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறித் தானே வெடிப்பது. பழைய எஞ்சினின் பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கும், அது சூடேறிப் புள்ளியாகக் கனன்று நாக்கிங்கை இன்னும் சீக்கிரம் அழைத்துவரும். இன்டர்கூலர் போடுங்கள்.

காற்று வெப்பநிலை சென்சாரை இன்டர்கூலருக்குப் பின்னால், குளிர்ந்த பக்கக் குழாயில் வைக்க வேண்டும். உலோகத்துக்குள் மூடிய சென்சார் மெதுவாகத்தான் பதில் சொல்லும். முனை திறந்த வகையை வாங்குங்கள்.

இன்ஜெக்டர், பம்ப் எவ்வளவு பெரிதாக வேண்டும்?

எஞ்சினில் 220 குதிரைத்திறன் இலக்கு என்று வைப்போம். பூஸ்ட்டில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் வேண்டும். மொத்தம் 132, நான்கால் வகுத்தால் 33, இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 39 பவுண்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 410 சிசி. என்பியோடு வருவது சுமார் 265 சிசி. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 550 சிசி வாங்கினால் கையிருப்பும் இருக்கும், ஐடிலும் ஒழுங்காக நிற்கும். இன்ஜெக்டரோடு அதன் டெட் டைம் (மின்சாரம் வந்த பின் திறக்க ஆகும் தாமதம்) அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்கள் தராத கடையில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். குறைந்த வேகத்தில் கலவை ஒருபோதும் சரியாகாது.

பம்ப்புக்கு மணிக்கு 190 லிட்டர் வால்ப்ரோ போதும். இருபது வருடப் பழைய பம்ப் தன் அளவைக் கொடுக்கிறது என்று நம்பி இறங்க வேண்டாம்.

ஒரு சிக்கல்: அமெரிக்காவில் விற்ற என்பி கார்களுக்கு, மிச்சப் பெட்ரோலை டேங்குக்குக் கொண்டுபோகும் திரும்பு குழாய் கிடையாது. அழுத்தம் டேங்கிலேயே சுமார் 60 பிஎஸ்ஐயில் நிலையாக வைக்கப்படுகிறது. 8 பிஎஸ்ஐ பூஸ்ட்டில் இன்ஜெக்டர் முனைக்கு எதிரே 8 வந்து நிற்பதால் பயன்படுவது 52 மட்டுமே; பாய்ச்சல் 7 சதவீதம் குறையும். டியூன் செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பழைய ஈசியுவையே வைத்துக்கொண்டு எரிபொருள் அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டர் போட்டால்?

தொண்ணூறுகளில் அப்படித்தான் செய்தார்கள். பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றும் அந்த ரெகுலேட்டர், வயதான பம்ப்பைக் கசக்கிப் பிழிவதோடு இக்னிஷன் டைமிங்கை ஒன்றும் செய்வதில்லை. இன்று மெகாஸ்கர்ட், எம்இ221, ஹால்டெக், லிங்க் என்று நேரடியாகச் செருகும் ஈசியுக்கள் இந்தக் காருக்குக் கிடைக்கின்றன. இன்டேக் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சாரை வைத்து வேலை செய்வதால் காற்றளவு மீட்டரையும் கழற்றிவிடலாம். பட்ஜெட்டில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

டியூனில் என்ன எண்கள் இருக்க வேண்டும்?

சாதாரண ஓட்டத்தில் காற்று–பெட்ரோல் விகிதம் 14.7ஐச் சுற்றி. பூஸ்ட்டில் 11.5 முதல் 11.8. 12.5ஐத் தாண்டினால் காலை எடுங்கள்.

இக்னிஷன்: ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒரு டிகிரி பின்னே தள்ளுவது பத்திரமான தொடக்கம். சக்தியை அளக்கும் டைனோவில் அங்கிருந்து அரை அரை டிகிரியாக முன்னே கொண்டுபோகலாம். டார்க் ஏறுவது நின்றால் அங்கேயே நிற்க வேண்டும். ஒரு டிகிரி கூட்டி டார்க் கூடவில்லை என்றால் கூடியது சிலிண்டர் அழுத்தம் மட்டும்தான். எல்லாவற்றுக்கும் முன்பு, ஈசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, டைமிங் லைட்டை அடித்துக் கிராங்க் புல்லியிலும் 10 தெரிகிறதா என்று சரிபார்க்க வேண்டும். திரையில் ஒன்றும் எஞ்சினில் வேறொன்றுமாக இருந்தால் மற்ற எண்கள் எல்லாம் பொய்.

இலக்குக்கு மேலே 2 பிஎஸ்ஐ போனால் எரிபொருளை வெட்டும்படி அமையுங்கள். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் குழாய் ஒருநாள் கழன்றுகொள்ளும். அன்று எஞ்சினைக் காப்பாற்றுவது இந்த ஒரு வரிதான்.

ஸ்பார்க் பிளக், வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும் குளிர்ந்த வகையான என்ஜிகே பிகேஆர்7ஈ. இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பழைய 1.1 இடைவெளியை அப்படியே விட்டால் பூஸ்ட்டில் பொறி அணைந்து எஞ்சின் திக்கும். பலர் அதைப் பெட்ரோல் போதவில்லை என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

டர்போவின் ஆயில் குழாய்களில் என்ன தவறு நடக்கிறது?

உள்ளே வரும் குழாயில் அழுத்தம் அதிகமாவது, வெளியே போகும் குழாயில் வழி குறைவது. இரண்டுமே நீலப்புகையாக வெளிவரும். டர்போ போய்விட்டது என்று நல்ல டர்போவைக் கழற்றிப் போடுகிறார்கள்.

ஆயில் எடுப்பது பிளாக்கில் பிரஷர் சென்சார் இருக்கும் துளையிலிருந்து. பால் பேரிங் டர்போ என்றால் வழியில் 0.9 மி.மீ. துளையுள்ள தடுப்பான் வேண்டும். சாதா ஜர்னல் பேரிங்குக்கு அது வேண்டாம், போட்டால் பட்டினி கிடக்கும். திரும்பும் குழாய் உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையாமல், வளைந்து தொங்காமல், நேராகக் கீழே இறங்கி ஆயில் பேனில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இங்கே அழுத்தம் எதுவும் தள்ளிவிடுவதில்லை. நுரைத்த ஆயில் தன் கனத்தில் இறங்குவதுதான்.

பேனில் துளை போட வேண்டும். பேனைக் கழற்ற முன்பக்க சப்ஃபிரேமை இறக்க வேண்டியிருப்பதால், பலர் வண்டியில் இருக்கும்போதே டிரில் முனையில் கிரீஸ் பூசி, அடிக்கடி துடைத்துத் துளையிட்டு மரை வெட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் பிறகு டிரெயின் பிளக்கைத் திறந்து மலிவான ஆயிலை இரண்டு முறை ஊற்றிக் கழுவுங்கள். துகள் எங்கே போகும் என்று யோசித்தால் சோம்பல் வராது.

கிராங்க்கேஸ் காற்றை என்ன செய்வது?

பழைய ரிங் வழியாக எப்போதும் கொஞ்சம் எரிந்த வாயு கீழே கசியும். பூஸ்ட்டில் அது பெருகும். கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக் மேனிஃபோல்டுக்கு விடும் பிசிவி வால்வு பூஸ்ட்டில் முழுதாக மூடுகிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். பழசு மூடாது, மூடாவிட்டால் டர்போவின் அழுத்தம் நேராக எஞ்சின் வயிற்றுக்குள் போய் கிராங்க் சீலைத் தள்ளும், மேலே சொன்ன ஆயில் திரும்பும் வழியையும் அடைக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்து மூச்சுக்குழாயில், ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும், உள்ளே தடுப்புகள் உள்ள கேட்ச் கேன் ஒன்று வையுங்கள். 1,000 கிலோமீட்டரில் அது பாதி நிறைந்தால் எஞ்சின் உங்களிடம் ஏதோ சொல்கிறது.

எஞ்சின் சூடு?

இந்த எஞ்சின் முதலில் முன்சக்கர இயக்கக் காருக்குக் குறுக்கே படுத்தது. தண்ணீர் அப்போது பின்பக்கம் வெளியேறும். எம்எக்ஸ்-5இல் நெடுக்கே வைத்தபோது தெர்மோஸ்டாட்டை முன்னே கொண்டுவந்துவிட்டார்கள். பம்ப்பும் முன்னே, வெளியேறும் வாயும் முன்னே. அதனால் ஃபயர்வால் பக்கம் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குப் புதுத் தண்ணீர் குறைவு. நாக்கிங்கும் முதலில் அங்கேதான் வரும். 2001இலிருந்து ஹெட் கேஸ்கெட்டின் துளைகளை மாற்றி ஓரளவு சரிசெய்தார்கள்.

தெருவில் மட்டும் ஓட்டுவதானால் நல்ல அலுமினிய ரேடியேட்டரும், முன்பக்கக் காற்று பக்கவாட்டில் நழுவாமல் ரேடியேட்டருக்கே போகச் செய்யும் தட்டுகளும் போதும். இந்தத் தட்டுகளுக்குச் செலவு ஒரு மதியம். பலன் விலையுயர்ந்த ரேடியேட்டருக்குச் சமம். டிராக்கில் இருபது நிமிடம் ஓட்டுவதானால் தண்ணீரைச் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையிலிருந்து எடுக்கும் ரீரூட் கிட் வேண்டும்.

கிளட்ச், கியர்பாக்ஸ்?

கிளட்ச் வழுக்கும். மாற்றத்தான் வேண்டும். ஆறு கியர் பெட்டி தாங்கும். ஐந்து கியர் பெட்டியில் மூன்றாம், நான்காம் கியர் பற்கள் போகும். இதுவும் குறைந்த ஆர்பிஎம் டார்க்கின் வேலையே. உயர்ந்த கியரில் 2,500இல் முழுக்க மிதிக்காமல் ஒரு கியர் குறைத்து மிதித்தால் பெட்டி பல வருடம் ஓடும்.

இணையத்தில் முழு கிட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

அதில் பயன்படுவன: இன்டர்கூலர், அலுமினியக் குழாய்கள், கிளாம்ப்புகள். பயன்படாதவை: டர்போ, மேனிஃபோல்ட், ஆயில் குழாய், வேஸ்ட்கேட். மெல்லிய குழாய்களை வெல்டிங் செய்த மேனிஃபோல்ட், டர்போவின் கனத்தைச் சிவந்த சூட்டில் சுமந்து விரிசல் விடும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் அழகில்லை, ஆனால் நிற்கும்.

டர்போவை மேனிஃபோல்டோடு பிடிக்கும் ஸ்டட்டுகள் இந்தக் காரில் பேர்போன தொல்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி நீண்டு, நட்டு கழன்று, கேஸ்கெட் ஊதிவிடும். சூடு தாங்கும் இன்கொனெல் உலோக ஸ்டட்டும் பூட்டும் தகடும் வாங்குங்கள். சாதா லாக்டைட் பசை அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும்.

எந்த வரிசையில் வேலை செய்வது?

எல்லாவற்றையும் ஒரே வாரக்கடைசியில் மாட்டி ஸ்டார்ட் செய்தால், ஓடாதபோது எது காரணம் என்று தெரியாது. முதலில் டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், முன் சீல்கள், எல்லாக் குழாய்களும். முன்பக்கம் திறந்திருக்கும்போது ஆயில் பம்ப் கியரையும் பாருங்கள். இது பொடியை அழுத்திச் சுட்ட (சின்டர்) உலோகம், 7,000க்கு மேல் அடிக்கடி சுற்றுபவர்களுக்கு ஒரே கட்டியில் கடைந்த பில்லட் கியர் நல்லது. அடுத்து காற்று–பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும் மீட்டர்களும். அதற்கடுத்து ஈசியுவும் இன்ஜெக்டரும் பம்ப்பும். டர்போ இல்லாமலே இந்தப் புது ஈசியுவோடு இரண்டு வாரம் ஓட்டி, குளிர்ந்த ஸ்டார்ட்டும் ஐடிலும் ஒழுங்குபடுத்துங்கள். பிறகு கிளட்ச், ரேடியேட்டர். டர்போ கடைசி.

முதல் ஸ்டார்ட்டில் டர்போவின் ஆயில் வாயில் சிரிஞ்சால் ஆயில் விட்டு, இன்ஜெக்டரையும் இக்னிஷனையும் துண்டித்து, திரும்பும் குழாயில் ஆயில் வரும்வரை ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து வினாடிகளாகச் சுற்றுங்கள். பிறகு ஓடவிட்டு, ஒழுக்கைப் பார்த்து, ஆறவிட்டு, எல்லா எக்ஸாஸ்ட் நட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் கொடுக்கும் குறைந்த பூஸ்ட்டில் மட்டும் முதல் டியூன்.

முதலிலேயே எஞ்சினைப் பிரித்து வலுவான ஃபோர்ஜ்டு ராட் போட்டுவிடலாமா?

சோதனையில் தேறிய எஞ்சின் என்றால் வேண்டாம். 8 பிஎஸ்ஐக்கு அது தேவையில்லை. பிரித்த எஞ்சினுக்கு ராட்டோடு பிஸ்டன், போரிங், பேரிங், ஆயில் பம்ப் என்று பட்டியல் நீளும். செலவு கிட்டின் விலையைத் தாண்டும். சோதனையில் தேறாத எஞ்சினை எப்படியும் பிரிக்கத்தான் போகிறீர்கள். அப்போது ராட் போடாமல் மூடுவது வீண்.

ஈ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) போட்டால் நாக்கிங் பயம் இல்லையா?

நாக்கிங் குறையும். பெட்ரோலைவிட சுமார் 30 சதவீதம் அதிகம் ஊற்ற வேண்டும், இன்ஜெக்டர் கணக்கும் பம்ப் கணக்கும் மாறும். ஆபத்து வேறிடத்தில்: எச்சரிக்கை மணி அடிப்பது நின்றதும் பூஸ்ட்டை ஏற்றத் தோன்றும். ராட்டின் எல்லை எரிபொருளைப் பார்த்து மாறாது.

சட்டப்படி சரியா?

கலிஃபோர்னியாவில் காற்று வாரியத்தின் நிர்வாக ஆணை எண் பெற்ற கிட் மட்டுமே ஸ்மாக் (புகை) சோதனையில் தேறும். மற்றவை எவ்வளவு சுத்தமாக எரித்தாலும் கண்பார்வைச் சோதனையிலேயே தோற்கும். வாங்குமுன் அந்த எண் உங்கள் காரின் வருடத்துக்கும் செல்லுமா என்று பாருங்கள். பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் ஓட்டினால் விபத்தன்று பாலிசி கை கொடுக்காமல் போகலாம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரத்திலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கே எந்தக் காரில் இதைச் செய்ய நினைத்தாலும் அது டிராக்குக்கு மட்டுமே.

மாட்டிய பிறகு பராமரிப்பு?

முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். டர்போ நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். அதன் பிறகு 5,000க்கு ஒருமுறை 5டபிள்யூ-40 சிந்தெடிக், ஃபில்டரோடு சுமார் 3.8 லிட்டர். வருடத்துக்கு ஒருமுறை கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, முதலில் குறித்து வைத்த நான்கு எண்களோடு ஒப்பிடுங்கள். ஏதேனும் ஒரு சிலிண்டர் 10 பிஎஸ்ஐ இறங்கியிருந்தால், லீக்-டவுன் முடியும்வரை பூஸ்ட் ஏறாமல் ஓட்டுங்கள்.